ஹாலில் நிற்கும் இரண்டு படகுகள்

அன்புள்ள அக்கா,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம், இதுவரை யாரும் தண்ணீரில் விழவில்லை. அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, இரவில் போர்த்திக்கொண்டு தூங்கி, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். இந்த வரியை வழக்கமாக அப்பா சொல்லுவார், நான் எழுதுவேன், துவட்டுவதை மட்டும் அம்மா நடுவில் புகுந்து சேர்ப்பாள். அப்பாவின் கையெழுத்தை அவருடைய லிஃப்ட் கம்பெனியிலேயே யாராலும் படிக்க முடியாது என்பதால்தான் உனக்குக் கடிதம் எழுதுவது என் வேலையாகிப் போனது. இந்த வாரம் சொல்லுவதற்கு ஆள் இல்லை. அப்பாவும் அம்மாவும் நேற்று சாயங்காலத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. கடிதம் வராவிட்டால் நீ என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவாய், அதனால் அவர்கள் சொல்ல வேண்டியதையும் நானே சொல்லி நானே எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் வரி மேலும் கீழும் போகும், பொறுத்துக்கொள். விஷயம் இதுதான். நாளைக் காலையில் ஏரிக்கரையில் இரண்டு படகுகளில் ஒன்றை நான் கை காட்ட வேண்டும். காட்டினதும் அதில் ஏறவும் வேண்டும்.

எல்லாம் உன் போன கடிதத்தில் ஆரம்பித்தது, குற்றமாகச் சொல்லவில்லை. கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது என்று சாய்வாக ஒரு வரி எழுதியிருந்தாயே, அடுத்த லீவுக்கு வரும்போது எல்லோரும் ஒரு படகில் ஏறி நாள் முழுக்க ஏரியில் இருக்கலாம், அங்கே அப்பாவும் வேலைக்கு எழுந்து ஓட முடியாது, அம்மாவும் ஓட முடியாது என்று. நான் சத்தமாகப் படித்து முடித்ததும் அப்பா அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று மறுபடியும் படிக்கச் சொன்னாள். "பெரிசு இத்தனை வருஷத்துல வாய்விட்டு ஒண்ணு கேட்டதில்லங்க, ஷூ கடிச்சாக்கூட சொல்லாது" என்றாள். அவ்வளவுதான், படகு வாங்குவது என்று முடிவாகிவிட்டது. வாடகைக்கு எடுக்கலாமே என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வாடகைப் படகுக்கு சர்வீஸ் யார் செய்தான், எப்போது செய்தான் என்று தெரியாமல் என் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஏரிக்கரையில் ஒரு படகுக்காரர் இரண்டு பழைய மிதவைப் படகுகளை விற்கப் போட்டிருக்கிறார். கறுப்புக் கண்ணாடியை எப்போதும் தலையிலேயே மாட்டியிருப்பார், கண்ணுக்கு இறக்கி நான் பார்த்ததில்லை. மிதவைப் படகு என்றால் நீ நினைக்கிற மாதிரி கூர்மையாக இருக்காது. நீளநீளமான உருளைகள் தண்ணீரில் படுத்திருக்கும், அவற்றின் மேல் பலகைத் தளம், சுற்றிலும் கம்பி, உள்ளே சோபா. யாரோ ஒருவருடைய ஹால் வீட்டை விட்டுக் கிளம்பிப் போன மாதிரி இருக்கும். நீலப் படகு பெரியது, அடியில் மூன்று உருளை, பின்னால் தண்ணீருக்குள் இறங்குகிற சறுக்கு. அது அப்பாவுக்குப் பிடித்தது. பச்சைப் படகு சின்னது, இரண்டே உருளை, மேலே துணிக் கூரை, ஸ்டியரிங் முன்னால் நடுவில். அது அம்மாவுக்குப் பிடித்தது. இருவரும் சொல்கிற காரணம் மட்டும் ஒன்றுதான், சின்னது ஆசைப்படுகிறது என்று. சின்னது நான்தான். நான் எதற்கும் ஆசைப்படவில்லை அக்கா.

எது நம் குடும்பத்துக்குச் சரிப்படும் என்று அப்பா வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்றார். இரண்டு படகுகளையும் டேப் வைத்து அளந்து வந்து ஹால் தரையில் சாக்பீஸால் வரைந்துவிட்டார். பச்சைப் படகு ஹாலுக்குள் அடங்கிவிட்டது. நீலப் படகு அடங்கவில்லை. அதன் முன்பக்கம் சமையலறைக்குள் போய் ஃபிரிட்ஜையும் சேர்த்துக்கொண்டது, பின்பக்கம் என் அறைக்குள் வந்தது, சறுக்கு குளியலறை வாசலில் போய் முடிகிறது. என் கட்டில் இருப்பது எஞ்சின் இடத்தில். அதனால் நான் புரண்டு படுத்தால் அப்பா ஹாலிலிருந்து "எஞ்சின்ல என்ன சத்தம்?" என்று கேட்கிறார். சுவரில் லிஃப்டுக்குள் ஒட்டுவதைப் போல ஒரு பலகை மாட்டியிருக்கிறார், ஏற்றக்கூடிய எடை, ஆட்கள் ஐந்து, புகை பிடிக்கக் கூடாது. எங்கள் எல்லோரையும் நிறுத்தி எடை பார்த்தாயிற்று. உன் எடையையும் எழுதி அனுப்பச் சொல்கிறார், பெட்டியோடு எவ்வளவு, பெட்டி இல்லாமல் எவ்வளவு என்று. அம்மா மட்டும் சும்மா இருப்பாளா, தான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸில் பழசாகிப்போன உட்புறக் கண்ணாடியைக் கொண்டுவந்து பச்சைப் படகுக்கு நேர் மேலே சுவரில் அடித்துவிட்டாள். இப்போது நாங்கள் எங்கே உட்கார்ந்து மூக்கைத் தொட்டாலும் அம்மாவுக்குத் தெரிகிறது.

தினமும் சாயங்காலம் டீ குடித்ததும் எல்லோரும் படகில் ஏற வேண்டும். ஒரு நாள் நீலம், ஒரு நாள் பச்சை. கோட்டுக்கு வெளியே கால் பட்டால் தண்ணீரில் விழுந்ததாக அர்த்தம், மற்றவர்கள் துண்டைப் போட்டு இழுக்க வேண்டும். மெத்தைக் கடை மாமா தினமும் ஒரு தடவையாவது மூழ்குகிறார், ஏனென்றால் பிஸ்கட் டப்பா கோட்டுக்கு வெளியே இருக்கிறது. போன வாரம் அப்பாவின் ஆபீஸ் போன் ஸ்டாண்டின் மேல் அடித்தது. ஸ்டாண்ட் நடு ஏரியில் இருக்கிறது. அப்பா எழுந்தார், அம்மா கண்ணாடியில் பார்த்து "ஓடற வண்டியில எழுந்து நிக்கக் கூடாது" என்றாள். யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், கரைக்குக் கொண்டு போ என்று அப்பா கெஞ்சினார். அம்மா அவசரப்படவே இல்லை. நிதானமாகத் திருப்பி, பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்து, வாசல் செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தின பிறகுதான் இறங்க விட்டாள். அதற்குள் மாட்டிக்கொண்டவரே கதவை நெம்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டாராம். மேல்வீட்டுக்காரர் ஒரு நாள் ஏதோ கேட்க வந்து, நாங்கள் ஐந்தடி அகலத்தில் நெருக்கியடித்துத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, எதைக் கேட்க வந்தார் என்பதை மறந்து திரும்பிப் போனார்.

ஓட்டெடுப்பு வைத்தோம். அப்பா நீலம், அம்மா பச்சை. மாமாவுக்கும் ஓட்டு உண்டு. ஆனால் மாமாவை உனக்குத் தெரியுமே, கடையில் மெத்தையைச் சோதிக்கிற மாதிரிதான் எதையும் சோதிப்பார். இரண்டு படகிலும் படுத்துப் பார்த்தார். இரண்டிலும் தூங்கிவிட்டார். எழுப்பிக் கேட்டால் "ரெண்டும் நல்லா இருக்கு அத்தான், ஆனா தரை கொஞ்சம் கெட்டி" என்றார். அந்த ஓட்டைச் செல்லாது என்று இருவருமே தள்ளிவிட்டார்கள். கடைசியில் என் ஓட்டுதான் தீர்ப்பு என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து அப்பா எனக்கு ஆப்பிள் நறுக்கித் தருகிறார், அம்மா பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு தருகிறாள். நான் இரண்டையும் வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தேன், அது தப்பாகப் போயிற்று. நேற்று சாயங்காலம் அப்பா, மூன்று உருளை இருந்தால்தான் பாதுகாப்பு, பஸ் ஓட்டுகிறவர்களுக்கு எடை பற்றி என்ன தெரியும் என்று சொல்லிவிட்டார். அம்மா ஸ்டியரிங்கை, அதாவது சாப்பாட்டுத் தட்டை, கீழே வைத்தாள். "நீங்க வாழ்க்கையில ஒரு திருப்பம் திரும்பியிருக்கீங்களா? மேல, கீழ, மேல, கீழ. ஒரு மூலையைப் பார்த்திருக்கீங்களா?" என்றாள். "உன் பஸ்ஸுல ஓவர்லோட் மணி இருக்கா? இருந்தா அது நிறுத்தாம அடிச்சிட்டே இருக்கும்" என்றார் அப்பா. அம்மா ஈரத் துணியை எடுத்து வந்து சமையலறையைத் துடைத்தாள். நீலப் படகுக்கு மூக்கு போய்விட்டது. அப்பா காலாலேயே தேய்த்து பச்சைப் படகின் ஸ்டியரிங்கை அழித்தார். அதிலிருந்து இரண்டு பேரும் பேசுவதெல்லாம் என் வழியாகத்தான். உங்கப்பாவைத் துண்டை எடுத்துத் தரச் சொல்லு, உங்கம்மாவை உப்புப் போடச் சொல்லு. துண்டும் உப்பும் அவரவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

இப்போது நான் சொல்லப் போவதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தண்ணீர் என்றால் பயம். குடிக்கிற தண்ணீர் இல்லை, நிற்கிற தண்ணீர். முகத்தில் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டாலே எனக்கு மூச்சு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. படகு பார்க்கப் போன அன்று ஏரியை எட்டிப் பார்த்தேன், ஆறிப்போன டீ மாதிரி இருக்கிறது, அடியே தெரியவில்லை. கால் எட்டுமா என்று படகுக்காரரிடம் கேட்டேன். "எதுக்கு எட்டணும்?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தினமும் ஞாபகம் வருகிறது. சாக்பீஸ் படகில்கூட நான் நட்டநடுவில், எந்தக் கோடும் கிட்டே வராத ஒரே சதுரத்தில்தான் உட்காருகிறேன். அப்பா "அலை வருது" என்று சொல்லி எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் எனக்கு நிஜமாகவே உள்ளங்கை வேர்க்கிறது. நான் நடுவில் உட்காருவதைப் பார்த்து அப்பா, எடை சமமாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு அழகாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று மாமாவிடம் பெருமையடிக்கிறார். அம்மா, என் பஸ்ஸில் ஒரு பிள்ளைகூட இவ்வளவு அசையாமல் உட்காராது என்கிறாள். இதற்கு மேல் எப்படிச் சொல்லுவது? சொன்னால் படகு வேண்டாம் என்று ஆகிவிடும். நீ கேட்ட ஒரே ஒரு விஷயம் என்னால் கெட்டுப்போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு ஏற வேண்டும்.

அம்மா வழக்கமாகச் சொல்லுகிற புத்திமதியை மறந்துவிட்டேன், எழுதிவிடுகிறேன். இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, கூட வேலை செய்கிறவர்களோடு வா. ரொட்டியை மட்டும் தின்று நாளை ஓட்டாதே. ஈர உடையை அறைக்குள் உலர்த்தாதே, சளி பிடிக்கும். அம்மா இப்போதும் விளக்கை அணைக்கிறதுக்கு முன்னால் நம் அறை வாசலில் நின்று பஸ்ஸில் தலை எண்ணுகிற மாதிரி எண்ணுகிறாள். ஒன்று என்று என் காலைத் தட்டுவாள். பிறகு உன் கட்டிலுக்குப் போய் போர்வையை இழுத்துச் சரி பண்ணிவிட்டு, இரண்டு என்று சொல்லாமல் போய்விடுவாள். நேற்றும் கோபத்தோடேயே வந்து எண்ணினாள்.

இரு, ஹாலில் ஏதோ சத்தம்.

இப்போதுதான் திரும்பி வந்து படுத்தேன். கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன். அப்பா ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். எங்கே தெரியுமா, அம்மாவின் பச்சைப் படகில், நட்டநடுவில், என் சதுரத்தில். படகுக்காரர் அளவு பார்க்கக் கொடுத்திருந்த லைஃப் ஜாக்கெட்டை லுங்கிக்கு மேல் போட்டு எல்லா வாரையும் இழுத்துக் கட்டியிருந்தார். இரண்டு கையாலும் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தார், உடனே நிமிர்ந்தார். வலது பக்கம் சாய்ந்தார், உடனே நிமிர்ந்தார். அம்மாவும் தண்ணீர் குடிக்க வந்தவள் பார்த்துவிட்டாள். பேசுவதில்லை என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். "என்னங்க இது?" என்றாள் அம்மா. "சும்மா, உன் படகு எப்படியிருக்குன்னு பார்த்தேன்." "ஜாக்கெட் எதுக்கு?" "குளிருது." அம்மா கோட்டைத் தாண்டி உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அப்பா சொன்னார், "லிஃப்ட்ல கயிறு அறுந்தாக்கூட அப்படியே கவ்விப் பிடிச்சுக்க கீழ ஒரு பொருள் இருக்கு. நானே கையால மாட்டியிருக்கேன். தண்ணியில என்ன இருக்கு? தண்ணிக்குக் கீழயும் தண்ணிதான். அதான் மூணு உருளை கேட்டேன், ஒண்ணு போனாலும் ரெண்டு இருக்குமேன்னு." நான் அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "என் பயம் என்னன்னு தெரியுமா உங்களுக்கு? படகுல பிரேக் கிடையாதாம். அந்த ஆள்கிட்ட கேட்டேன், நின்னுக்கும்மா தானா நின்னுக்கும்ங்கறான். தானா நிக்கற வண்டிய நான் எப்படிங்க ஓட்டுவேன்? அதான் சின்னதைக் கேட்டேன், கரையோரமாவே போகலாமேன்னு" என்றாள். அப்போ வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அப்பா கேட்டார். அம்மா கண்ணாடியைப் பார்த்தாள், நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். "பெரிசு வாய்விட்டுக் கேட்டிருக்கு. சின்னது தினம் முதல் ஆளா போய் நடுவுல உக்காந்துக்குது, அவ்வளவு ஆசை. ரெண்டு பிள்ளைங்களும் தைரியமா இருக்கும்போது நாம போய் பயம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள். "அதுவும் சரிதான்" என்றார் அப்பா. பிறகு இருவரும் சேர்ந்து இடது பக்கம் சாய்ந்து பார்த்தார்கள்.

அக்கா, அவர்கள் எனக்காகப் பயத்தோடு ஏறப் போகிறார்கள். நான் அவர்களுக்காகப் பயத்தோடு ஏறப் போகிறேன். எல்லோரும் சேர்ந்து உனக்காக. பிரேக் இல்லாத படகில் கண்ணை மூடிக்கொண்டு நான்கு பேர் போனால் ஓட்டுகிறது யார்? நாளைக்குச் சொல்லிவிடப் போகிறேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் இல்லை, படகுக்காரருக்கு முன்னால் சொல்ல வேண்டுமே என்பதுதான். ஆனால் சொல்லுவேன். உன் ஆசையைக் கெடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. டார்ச் மங்குகிறது, மிச்சம் நாளை.

மறுநாள் சாயங்காலம். போர்வை இல்லாமல், சாப்பாட்டு மேஜையில், எல்லோருக்கும் தெரிந்தே எழுதுகிறேன். மேலே எழுதினதை மட்டும் அடியில் மடித்து வைத்திருக்கிறேன். பதில் எழுதும்போது லைஃப் ஜாக்கெட் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே, உன் கடிதத்தை நான்தான் சத்தமாகப் படிக்க வேண்டும்.

காலையில் படித்துறைக்குப் போனால் இரண்டு படகுகளும் கட்டியிருந்தன, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முனகின. படகுக்காரர் கயிற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள், மாமா உட்கார இடம் பார்த்தார். "எதைச் சொன்னாலும் அப்பா ஒண்ணும் நினைக்க மாட்டேன், தைரியமா சொல்லு" என்றார் அப்பா. "மனசுல பட்டதைச் சொல்லுடா கண்ணு" என்றாள் அம்மா. நான் வாயைத் திறந்தேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். எதிர்க்கரையில் தூண்டில் போட்டிருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. எனக்குத் தண்ணின்னா பயம் என்று. அப்பா அப்படியே படித்துறையில் உட்கார்ந்துவிட்டார். "அப்பாடா" என்றாள் அம்மா. பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கும்தான்" என்றார் அப்பா தரையைப் பார்த்து. "எனக்கும்தான்" என்றாள் அம்மா. மாமா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ தினமும் சாயங்காலம் நான் எதுக்கு முழுகினேன்?" என்றார்.

பாவம் படகுக்காரர். இதுவரை எத்தனையோ பேருக்கு எத்தனையோ படகு விற்றிருப்பார், பயப்படுகிறவர்கள் மொத்தமாகக் குடும்பத்தோடு வாங்க வந்ததில்லை போலிருக்கிறது. முதல் முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். அப்பா எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கயிற்றை அவிழ்க்காமல் ஒரு தடவை ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார். "கட்டிப் போட்டபடியே ஓட்டறதுக்கு எஞ்சின் எதுக்கு சார்?" என்றார் அவர். "அதைத்தான் நானும் கேட்கறேன். எஞ்சின் இல்லாம குடுப்பீங்களா?" என்றார் அப்பா. படகுக்காரர் நீண்ட நேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு, அந்தப் பச்சைப் படகின் எஞ்சின் எப்படியும் மழைக்காலத்தில் கிளம்புவதில்லை என்பதை முதல் முறையாக எங்களிடம் சொன்னார். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். மூன்றாவது உருளை வேண்டும் என்பதிலிருந்து மட்டும் அப்பா கடைசிவரை இறங்கி வரவில்லை, நீலப் படகிலிருந்து கழற்றிப் பச்சையில் மாட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது, வேண்டுமானால் இன்னொரு கயிறு கட்டித் தருகிறேன் என்றார் அவர். சரி என்று சமாதானமாகி, பச்சைப் படகை எஞ்சின் இல்லாமல், கட்டிப் போட்டபடியே வாங்கிக்கொண்டோம். இப்போது மூன்று கயிறு. மூன்றாவது அப்பா வண்டியிலிருந்து எடுத்து வந்த லிஃப்ட் கயிறு, அது படகையே தூக்கி மரத்தில் மாட்டும்.

ஏறினோம் அக்கா. படித்துறைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இடைவெளி, அதைத் தாண்ட நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் மாமா இறங்கிப் போய் பிஸ்கட் வாங்கி வந்துவிட்டார். ஒரு காலை வைத்தேன், அது கீழே போய் மேலே வந்தது, சாக்பீஸ் படகு ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை. அம்மா ஒரு கை, அப்பா ஒரு கை. யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று சொல்ல முடியாது. நடுவில் உட்கார்ந்தேன். என் இரண்டு பக்கத்திலும் அவர்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், இனிமேல் நடுவுக்கு மூன்று பேர் போட்டி. கொஞ்ச நேரம் கழித்து அம்மா எழுந்து போய் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள், இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள், எதுவும் நடக்கவில்லை, முகம் மலர்ந்துவிட்டது. பிறகு திரும்பிப் பார்த்து எண்ணினாள். அப்பா, நான், மாமா, அவள். எண்ணி முடித்ததும் என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அப்போது கரையில் பைக்குள் அப்பாவின் போன் அடித்தது. அப்பா படித்துறையைப் பார்த்தார், நடுவில் இருந்த அந்த ஒரு கை அகலத் தண்ணீரைப் பார்த்தார், மறுபடியும் சோபாவில் சாய்ந்துகொண்டார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எழுந்து போகவில்லை. வெயில் வந்து, போய், மறுபடியும் வந்தது. மாமா தூங்கிவிட்டார், தரை இப்போது சரியாக இருக்கிறதாம், ஆடுகிறதாம். நீ எழுதின மாதிரியேதான் இருந்தது, கயிறு மட்டும்தான் கூடுதல்.

இப்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்லுகிறார், எழுதுகிறேன். அங்கே லிஃப்டில் ஏறும்போது பலகையில் போட்டிருக்கும் ஆட்களுக்கு மேல் ஏறினால் நீ இறங்கிக்கொள், அடுத்ததில் போ. எடையை மறக்காமல் எழுது. அம்மா சொல்லுகிறாள், துவட்டு. ஹாலில் இருக்கிற கோடுகளை அழித்துவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன், நீ வந்து ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறவரை இருக்கட்டும் என்றாள். முந்தாநாள் அழித்த ஸ்டியரிங்கை அப்பாவே பச்சை சாக்பீஸால் திரும்ப வரைந்து கொடுத்துவிட்டார், கொஞ்சம் கோணல்.

கடைசியாக ஒரு விஷயம், இதுதான் முக்கியம். நாங்கள் கிளம்பும்போது படகுக்காரர் சொன்னார், உங்களில் ஒருத்தருக்காவது நீச்சல் தெரிந்தால் கயிற்றைக் கொஞ்சம் நீட்டிவிட்டுத் துடுப்பும் தருகிறேன், எதிரே தெரிகிற தாமரை வரைக்கும் போய் வரலாம் என்று. எல்லோருக்கும் உடனே உன் ஞாபகம்தான் வந்தது. பெரிசுக்கு நீச்சல் தெரியும் என்கிறார் அப்பா. அவள் எப்போது தண்ணீரில் இறங்கினாள், தெரியாது என்கிறாள் அம்மா. வீடு திரும்பும் வழியெல்லாம் இதே பேச்சு, பெற்று வளர்த்து அனுப்பிவிட்டு இது தெரியவில்லையே என்று இரண்டு பேரும் தங்களையே கடிந்துகொண்டார்கள். ஓட்டு மறுபடியும் சமம், மாமா தூங்கிவிட்டார், என்னிடம் கேட்டார்கள். நான் உன்னையே கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். தெரியுமென்றால் நல்லது. தெரியாவிட்டாலும் கவலைப்படாதே, யாரிடமாவது கற்றுக்கொள்கிறேன் என்று அங்கே ஏதாவது ஏரியில் இறங்கி வைக்காதே. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். நடுவில் இடம் இருக்கிறது, அம்மா தட்டி வைத்திருக்கிறாள்.

நோய் நொடி இல்லாமல், கால் எட்டுகிற இடத்திலேயே நின்று, நீ எல்லாச் சுகமும் பெற்றிருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறார்கள். எனக்கு வாழ்த்துகிற வயசு இல்லை, அதனால் நான் வாழ்த்துவதை அவர்களுடையதோடு சேர்த்துக்கொள். பதிலில் மற்றதெல்லாம் பிறகு, முதல் வரியிலேயே நீச்சல்.

இப்படிக்கு,
அப்பா, அம்மா, தூங்குகிற மாமா,
இவர்கள் எல்லோருக்காகவும் எழுதிய
உன் சின்னது